கரண்ட் சிகிச்சைக்கு முன் ஆக்சிஜன் அறை: காத்திருக்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 52 வயது. இரண்டு மாதமாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. ஸ்கேனில் மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டரை வாரம் ஆகிறது. பயாப்சியில் 'கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4' என்று வந்திருக்கிறது. 30 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும், கூடவே தினமும் கீமோ மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் உறவினர் ஒருவர் சொல்லி, ஆக்சிஜன் சிகிச்சை மையம் ஒன்றுக்குப் போனோம். அழுத்தம் ஏற்றிய ஆக்சிஜன் அறையில் 40 சிட்டிங் முடித்துவிட்டுக் கரண்ட் வைத்தால் பலன் மூன்று மடங்காகும், புற்றுநோய் ஆக்சிஜனில் உயிர் வாழாது, இதைக் கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். செலவு லட்சத்தைத் தாண்டும். அண்ணி நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். கரண்டைத் தள்ளிப்போடலாமா? முடியாதென்றால் ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு எடுத்து வீட்டிலேயே இரவில் வைக்கலாமா? அண்ணனிடம் இது என்ன கட்டி என்று இன்னும் சொல்லவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

கரண்டைத் தள்ளிப்போடாதீர்கள். அறுவை சிகிச்சைக் காயம் ஆறியதும், பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள், கதிர்வீச்சைத் தொடங்கிவிடுவதுதான் நடைமுறை. உங்களுக்கு இரண்டரை வாரம் ஏற்கெனவே போய்விட்டது. வாரத்துக்கு ஐந்தாறு சிட்டிங் என்று வைத்துக்கொண்டாலும் 40 முடிய ஏழெட்டு வாரம் ஆகும். அதுவரை அண்ணனின் தலைக்குள் மிச்சமிருப்பது சும்மா இருக்காது. கிளியோபிளாஸ்டோமாவை எவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தாலும், கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத செல்கள் சுற்றியுள்ள மூளைத் திசுவுக்குள் ஊடுருவியிருக்கும். கரண்ட் வைப்பதே அவற்றுக்காகத்தான். கதிர்வீச்சைத் திட்டமிடுவதற்கான சி.டி. ஸ்கேன் எடுக்கத் தேதி கொடுத்திருந்தால் அந்தத் தேதியில் போய் நில்லுங்கள்.

பதிலை இதோடு முடித்துக்கொண்டால், அந்த மையத்தில் சொன்னது அத்தனையும் கட்டுக்கதை என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக்கூடும். அப்படியும் இல்லை, சிக்கலே அதில்தான் இருக்கிறது. அவர்கள் சொன்ன 'மூன்று மடங்கு', கதிர்வீச்சு மருத்துவம் படிக்கும் எவரும் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்யும் எண். அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பொருந்தாத இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

கதிர்வீச்சு செல்லுக்குள் பாயும்போது பெரும்பாலும் அங்குள்ள தண்ணீரைத்தான் தாக்குகிறது. தண்ணீர் உடைந்து, எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும் நிலையற்ற துண்டுகள் உருவாகின்றன. அவை டி.என்.ஏ.வை முறிக்கின்றன. முறிந்த இடம் உடனே சரியாகிவிடவும் வாய்ப்பு உண்டு. ஆனால் பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால், அது முறிந்த முனையில் போய் ஒட்டிக்கொண்டு சேதத்தை நிரந்தரமாக்கிவிடுகிறது. ஆக்சிஜன் அறவே இல்லாத செல்லைக் கொல்ல, ஆக்சிஜன் நிறைந்த செல்லுக்குத் தேவைப்படுவதைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டும். ஆய்வகத்தில் திரும்பத் திரும்பப் பார்த்து உறுதி செய்த கணக்கு இது. ஆனால் இது இரண்டு எல்லைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். அண்ணனின் கட்டியில் பல பகுதிகளுக்கு ஏற்கெனவே ஓரளவு ஆக்சிஜன் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதனால் நோயாளிக்குக் கிடைக்கும் பலன் மூன்று மடங்காகும் என்று இதிலிருந்து யாரும் கணக்குப் போட முடியாது.

இந்த யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. தோலை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைத்தால் கதிர்வீச்சின் பாதிப்பும் குறைகிறது என்று காட்வால்ட் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் 1909-லேயே எழுதினார். 1953-இல் லண்டனில் ஹால் கிரே என்ற இயற்பியலாளரும் அவருடைய குழுவினரும் ஆக்சிஜனின் பங்கை அளந்து சொன்னார்கள். அண்ணனின் சிகிச்சைச் சீட்டில் '60 கிரே' என்று எழுதியிருந்தால், கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அந்தக் கிரே இவருடைய பெயர்தான். 1955-இல் கிரேயும் தாம்லின்சனும் நுரையீரல் புற்றுநோயின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ரத்தக் குழாயை ஒட்டிய செல்கள் உயிரோடு இருந்தன. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப் போனாலே செத்த திசு. ஆக்சிஜன் அவ்வளவு தூரம்தான் கசிந்து போகிறது. உயிருள்ள வளையத்துக்கும் செத்த நடுப்பகுதிக்கும் இடையில், சாகாமல் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் செல்கள்தான் கதிர்வீச்சுக்கு அடங்காதவை. கிளியோபிளாஸ்டோமாவில் இந்தத் திணறல் அதிகம். அண்ணனின் பயாப்சி அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள், 'நெக்ரோசிஸ்' என்ற சொல் அனேகமாக இருக்கும். கட்டிக்குள் ஆக்சிஜன் எட்டாமல் செத்துப்போன திட்டுகளைத்தான் அது குறிக்கிறது.

அப்படியானால் ஆக்சிஜனை அழுத்திக் கொடுத்தால் என்ன? லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சர்ச்சில்-டேவிட்சன் இதைத்தான் 1955-இல் செய்து பார்த்தார். செய்த விதத்தைக் கவனியுங்கள். நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, அழுத்தத்தில் காது கிழிந்துவிடாமலிருக்க முன்கூட்டியே செவிப்பறையில் துளை போட்டு, ஆள் படுக்கும் அளவுள்ள ஒரு உருளைக்குள் வைத்து மூடி, மூன்று வளிமண்டல அழுத்தத்துக்கு ஆக்சிஜனை ஏற்றினார்கள். ஏற்றிய பிறகு, உள்ளே ஆள் இருக்கும்போதே, உருளையின் சுவரை ஊடுருவிக் கதிர்வீச்சைச் செலுத்தினார்கள். இவ்வளவு பாடு எதற்கு? முந்தின நாளே ஆக்சிஜன் கொடுத்துவிட்டு மறுநாள் நிம்மதியாகக் கரண்ட் வைத்திருக்கலாமே?

வைத்திருந்தால் பலன் இருந்திருக்காது. கதிர் பாய்ந்து டி.என்.ஏ. முறிந்த பிறகு ஆக்சிஜன் வந்து ஒட்டுவதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான். அந்தக் கணத்தில் ஆக்சிஜன் கட்டிக்குள் இருக்க வேண்டும். உடம்பு ஆக்சிஜனைச் சேர்த்துவைக்கும் கிடங்கு அல்ல. அறையை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஜப்பானில் நோயாளிகளின் மூளைக் கட்டிக்குள்ளேயே மின்முனை வைத்து அளந்தார்கள். உயர்ந்த ஆக்சிஜன் அங்கே 15 நிமிடம் போல நின்றது. உங்களிடம் பேசிய மையம் 40 சிட்டிங்கை முடித்துவிட்டுப் பிறகு கரண்டுக்கு அனுப்புகிறேன் என்கிறது. நாற்பதாவது சிட்டிங் முடிந்த அன்று சாயங்காலமே, முதல் முப்பத்தொன்பதில் ஏறிய ஆக்சிஜனும் சேர்ந்து அண்ணனின் உடம்பில் ஒரு துளி மிச்சமிருக்காது. அழுத்த அறை பற்றி வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் மருத்துவர்கள் வாதிடலாம், இதில் வாதத்துக்கு இடமில்லை.

சரி, நேரத்தைச் சரியாகப் பிடித்தால்? இது நியாயமான கேள்வி. இதற்காகப் பலர் பல வருடம் உழைத்திருக்கிறார்கள். உயர் அழுத்த ஆக்சிஜனையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்த 19 ஆய்வுகளை, மொத்தம் 2,286 நோயாளிகளை, காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு அலசியிருக்கிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில் கட்டி அடங்குவதிலும் உயிர் பிழைப்பதிலும் பலன் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பல, இன்று நாம் பயன்படுத்தாத முறையில், ஒரு நாளைக்குப் பெரிய அளவாகச் சில நாட்களில் முடித்தவை. சேர்த்துக் கொடுத்ததில் நல்ல திசுக்களுக்குக் கடுமையான கதிர்வீச்சுக் காயமும், அறைக்குள் வலிப்பும் அதிகமாயின. கிளியோபிளாஸ்டோமாவுக்கென்றே செய்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு 1977-இல் வெளிவந்தது. ஆக்சிஜன் அறையில் கதிர்வீச்சு பெற்றவர்கள் சற்றுக் கூடுதலாக வாழ்ந்தது போலத் தெரிந்தாலும், தற்செயல் அல்ல என்று சொல்லுமளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை.

விடாமல் முயன்றவர்கள் ஜப்பானியர்கள். அறைக்குள் கதிர்வீச்சு கொடுப்பது இன்றைய இயந்திரங்களில் நடக்காது. அதனால் கிட்டாகியூஷூவிலும் ஓகினாவாவிலும் இருந்த குழுக்கள் வேறு வழி கண்டார்கள். நோயாளியை அழுத்த அறையிலிருந்து எடுத்து, 15 நிமிடத்துக்குள் கதிர்வீச்சு மேசையில் படுக்க வைத்துவிடுவது. சிகிச்சை நடக்கும் எல்லா நாளும். ஓகினாவா குழு 2012-இல் 57 நோயாளிகளின் முடிவை வெளியிட்டது. அவர்களில் 39 பேருக்குக் கிளியோபிளாஸ்டோமா. அந்த 39 பேரின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 17.2 மாதம். இன்றைய வழக்கமான சிகிச்சைக்கு அடிப்படையான 2005-ஆம் ஆண்டு ஆய்வில் அது 14.6 மாதம். பார்த்தவுடன் ஆக்சிஜன் ஜெயித்தது போலத் தோன்றும். ஆனால் ஜப்பானிய ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, கொடுத்த கீமோ மருந்துகளும் வேறு. ஆறு வாரம் தினமும் அழுத்த அறைக்குள் உட்கார்ந்து எழக்கூடிய தெம்புள்ளவர்கள்தான் இப்படிப்பட்ட ஆய்வில் சேர முடியும், தெம்புள்ளவர்கள் எந்தச் சிகிச்சையிலும் கொஞ்சம் கூடுதலாக வாழ்வார்கள். அந்தக் குழுவினர் மீது எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் முடிவை வைத்து நகையை அடகு வைக்கச் சொல்ல மாட்டேன்.

அழுத்தம் இல்லாமல் ஆக்சிஜனை ஏற்றும் வழிகளையும் முயன்றார்கள். சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். மூளை தன்னைத் தற்காத்துக்கொள்ளும் வழி அது. அதனால் 95 பங்கு ஆக்சிஜனுடன் 5 பங்கு கரியமில வாயு கலந்து, குழாய்களை விரிய வைத்துப் பார்த்தார்கள். கார்போஜன் என்று பெயர். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இந்த வாயுவும் நிக்கோடினமைடு மாத்திரையும் சேர்ந்து நல்ல பலன் கொடுத்தன. கிளியோபிளாஸ்டோமாவில் ஐரோப்பாவில் 107 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 1999-இல் வந்தது. பலன் இல்லை, அந்த மாத்திரையால் தொல்லைதான் மிச்சம். ஹீமோகுளோபினை ஆக்சிஜனை எளிதாக விடச் செய்யும் எஃபாப்ராக்ஸிரல் என்ற மருந்து, மூளைக்குப் பரவிய புற்றுநோயில் நம்பிக்கை காட்டிவிட்டு அமெரிக்க அனுமதி கிடைக்காமல் நின்றுபோனது. குங்குமப்பூவின் நிறச்சத்தை ஒட்டி ஆய்வகத்தில் தயாரித்த ஒரு மருந்தையும் கிளியோபிளாஸ்டோமாவில் சோதித்தார்கள். இதைப் படித்துவிட்டு யாராவது பாலில் குங்குமப்பூ கலந்து அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள், தீங்கில்லை, சிகிச்சையும் இல்லை. இப்போது ஆராய்ச்சி எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது: வரவைக் கூட்டுவதற்குப் பதில் கட்டியின் ஆக்சிஜன் செலவைக் குறைத்தால் என்ன என்று மலேரியாவுக்குக் கொடுக்கும் அட்டோவாக்குவோன், சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் போன்ற பழைய மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்த வழி சுவாரசியமாகப் படுகிறது. மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் கட்டத்துக்கு அது இன்னும் வரவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜனால் கரண்டின் வேகம் கூடுமென்று நிரூபணமானால் முதலில் கொண்டாடப் போவது எங்களைப் போன்ற கதிர்வீச்சு மருத்துவர்கள்தான். எங்கள் துறைக்கு அதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை.

நோபல் பரிசுக் கதைக்கு வருகிறேன். இது வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றுகிறது. ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானியருக்கு 1931-இல் நோபல் கிடைத்தது உண்மை. செல்கள் சுவாசிக்க உதவும் நொதியைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகக் கொடுத்தார்கள், 'புற்றுநோயின் காரணத்தை' கண்டுபிடித்ததற்காக அல்ல. புற்றுநோய் பற்றி அவர் கவனித்ததும் வேறு. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதுகூடப் புற்றுநோய்ச் செல் சர்க்கரையைப் புளிக்க வைத்துத்தான் காலம் தள்ளுகிறது என்றார். அதாவது ஆக்சிஜனைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் அது சாகாது. மையத்தின் விளம்பரத்துக்கு எதிரான சாட்சியையே மையம் கூப்பிட்டிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, ஆக்சிஜன் புற்றுநோயை வளர்த்துவிடும் என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். அதற்கும் நோயாளிகளிடம் ஆதாரம் தென்படவில்லை.

இனி வீட்டு மெஷின். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும். அண்ணனின் விரலில் மாட்டுங்கள். 97, 98 என்று காட்டினால் அவருடைய ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்று பொருள். பஸ்ஸில் நூறு இருக்கையில் 98 நிரம்பிவிட்டால் இன்னும் இரண்டு பேர்தான் உட்காரலாம், மற்றவர்கள் படிக்கட்டில் தொங்க வேண்டியதுதான். நூறு மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமப்பது ஏறக்குறைய 20 மில்லி ஆக்சிஜன். படிக்கட்டில் தொங்குவது போல ரத்த நீரில் கரைந்து போவது சாதாரணக் காற்றில் 0.3 மில்லி மட்டும். மூன்று வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால்தான் இந்தக் கரைந்த பகுதி 6 மில்லிக்கு ஏறும். (1960-இல் ஆம்ஸ்டர்டாமில் போரெமா என்ற அறுவை மருத்துவர், சிவப்பணுக்களை அனேகமாக முழுக்க வடித்துவிட்ட பன்றிகளை இந்தக் கரைந்த ஆக்சிஜனை மட்டும் வைத்து அழுத்த அறையில் உயிரோடு வைத்திருந்து காட்டினார்.) வீட்டு மெஷின் மூக்குக் குழாயில் கொடுப்பதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அண்ணன் தூங்கும் நேரத்தில் கதிர்வீச்சும் இல்லை. அவருக்கு நுரையீரல் நோய் இருந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தவிர, வாடகைக்கு எடுக்க வேண்டாம். எடுத்துவிட்டால், அந்த அறையில் பீடி, ஊதுபத்தி, காமாட்சி விளக்கு எதுவும் கூடாது.

போய்ப் பார்த்த மையத்தில் அறை எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஜிப் வைத்த, காற்றடைத்த பைபோல இருந்ததா? அவற்றில் பல 1.3 வளிமண்டலத்துக்கு மேல் ஏறாதவை. அந்த அழுத்தத்தில் வெறும் காற்றைச் சுவாசிப்பது, சாதாரண அறையில் 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். இரும்பு, கண்ணாடிச் சுவர் கொண்ட உண்மையான மருத்துவ அறை என்றால் விஷயம் வேறு, அபாயமும் வேறு. அண்ணனுக்கு ஏற்கெனவே வலிப்பு வந்திருக்கிறது. உயர் அழுத்த ஆக்சிஜனே வலிப்பைத் தூண்டக்கூடியது. சாதாரணமானவர்களுக்கு அரிதாக வருவது, மூளைக் கட்டியும் அறுவைத் தழும்பும் உள்ளவருக்கு அவ்வளவு அரிதாக இருக்காது. மூடிய அறைக்குள் வலிப்பு வந்தால் கதவைத் திறந்து உடனே உள்ளே ஓட முடியாது, அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் முடியும். தலையைத் திறந்து அறுவை செய்தவர்களுக்கு மண்டைக்குள் சில வாரம் வரை கொஞ்சம் காற்று சிக்கியிருப்பது உண்டு. அழுத்தம் ஏறி இறங்கும்போது சிக்கிய காற்று சுருங்கி விரியும். அதைப் பற்றி அந்த மையத்தில் யாராவது அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஸ்கேனைக் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு தனியார் மையத்தின் ஆக்சிஜன் அறை தீப்பிடித்து ஐந்து வயதுச் சிறுவன் இறந்துபோனான். அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புற்றுநோய்க்கு இந்தச் சிகிச்சையை நம்பிப் போகாதீர்கள் என்று 2013-லேயே மக்களுக்கு அறிவுறுத்தியிருந்தது.

அவர்கள் "இது ஆராய்ச்சி" என்று சொன்னால் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உங்கள் பதிவு எண் என்ன? 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம். உண்மையான ஆய்வு என்றால் பதிவு எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், தமிழில் ஒப்புதல் படிவம் இருக்கும். சோதிக்கும் சிகிச்சைக்கு உங்களிடம் லட்ச ரூபாய் வாங்க மாட்டார்கள். அண்ணனின் கதிர்வீச்சு மருத்துவருடனும் பேசியிருப்பார்கள்.

ஆக்சிஜனுக்காக நீங்கள் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், செலவில்லாத வழிகள் இருக்கின்றன. அண்ணனுக்குப் புகைப் பழக்கம் உண்டா? புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கரண்டுக்குப் போகும் வழியில் ஒரு பீடி பிடிப்பவர், அந்த நாளின் ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தானே தள்ளிவிடுகிறார். அதை நிறுத்துவது எந்த அறையிலும் உட்காருவதைவிட மேல். ரத்தசோகை இருந்தால் காரணம் பார்த்துச் சரி செய்யச் சொல்லுங்கள். ஆனால் ரத்தம் ஊறும் ஊசி போட்டுக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் தயங்குங்கள். எரித்ரோபாய்டின் ஊசி போட்டு ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் கட்டி நன்றாக அடங்கும் என்று நம்பி, ஜெர்மனியில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். 2003-இல் வந்த முடிவு தலைகீழாக இருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஹீமோகுளோபின் ஏறியது, கட்டியோ மோசமாக நடந்துகொண்டது. கேட்பதற்கு நியாயமாக இருக்கும் யோசனையை நோயாளி மீது சோதிக்காமல் நம்பக்கூடாது என்பதை எங்கள் துறை இப்படித்தான் கற்றுக்கொண்டது.

இன்னொன்று, சத்து மாத்திரைகள். மேலே சொன்ன நிலையற்ற துண்டுகளால்தான் கதிர்வீச்சு வேலை செய்கிறது. அவற்றைத் துடைத்தெடுக்கும் வைட்டமின் ஈ, வைட்டமின் சி போன்றவற்றைப் பெரிய அளவில் விழுங்குவது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது. கனடாவில் வைட்டமின் ஈ மாத்திரையும் பீட்டா கரோட்டினும் கொடுத்து நடத்திய ஆய்வில் பக்கவிளைவு குறைந்தது, நோய் திரும்புவது கூடியது. நெல்லிக்காய், கொய்யா, கீரை எல்லாம் சாப்பாடு, அவற்றை நிறுத்த வேண்டாம். டப்பாவில் வருவதை மருத்துவரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம்.

கரண்டின்போது என்ன நடக்கும் என்று தெரிந்தால் அண்ணனின் பயம் குறையும். முதல் நாள், துளைகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். துணி போலத் துவண்டு வரும். அதை முகத்தில் போர்த்தி, மூக்கு, தாடை, நெற்றி என்று கையால் பதமாக அமுக்குவார்கள். சில நிமிடத்தில் ஆறி, அவருடைய முகத்தின் அச்சாகவே இறுகிவிடும். தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள், தலை மில்லிமீட்டர் அசையாமலிருக்க. வலி இருக்காது, துளைகள் வழியே மூச்சு விடலாம், ஆனால் அடைப்பது போல இருக்கும். மீசையும் தாடியும் எப்படியோ அப்படியே ஆறு வாரம் வைத்திருக்கச் சொல்லுங்கள், நடுவில் தாடி வளர்த்தால் அச்சு இறுக்கும். டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரையை மருத்துவர் சொன்ன நேரத்தில் வெறும் வயிற்றில் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லை என்பதற்காக மாத்திரையும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், வழக்கமாக அது ஏழு நாளும் உண்டு. வாரா வாரம் ரத்தப் பரிசோதனை. வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோனால் பசி கூடும், சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும், அதற்காகத் திடீரென்று நீங்களே நிறுத்தக்கூடாது. வலிப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. கல்யாணம், திருவிழா என்று கரண்டில் ஒரு நாளையும் விடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுக்கு இடமுண்டு. அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அந்த லட்ச ரூபாயில் ஒரு சிறு பகுதியைச் செலவிடத் தகுந்த ஒன்று உண்டு. எம்.ஜி.எம்.டி. என்ற பரிசோதனையைப் பயாப்சிக்கு எடுத்துப் பதித்து வைத்திருக்கும் திசுக் கட்டையிலேயே செய்யலாம். டெமோசோலோமைடு எவ்வளவு வேலை செய்யும் என்பதை அது பெருமளவு சொல்லிவிடும். ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள், அது இருந்தால் நோயின் பெயரும் போக்குமே மாறும். 2005 ஆய்வில் கரண்டுடன் இந்த மாத்திரையும் சேர்த்தவர்களில் இரண்டு வருடம் தாண்டியவர்கள் 26.5 சதவீதம், கரண்ட் மட்டும் பெற்றவர்களில் 10.4 சதவீதம். பெரிய எண்கள் அல்ல. ஆனால் 573 பேரை நேருக்கு நேர் ஒப்பிட்டு வந்தவை. எம்.ஜி.எம்.டி. சாதகமாக இருந்தால் வாய்ப்பு இதைவிடக் கூடும்.

அண்ணனிடம் சொல்லவில்லை என்றீர்கள். ஆறு வாரம் தினமும் 'கதிர்வீச்சுப் பிரிவு' என்று பலகை போட்ட வாசலில், இன்னும் முப்பது நோயாளிகளோடு பெஞ்சில் உட்காரப் போகிறவரிடம் எவ்வளவு நாள் மறைப்பீர்கள்? பக்கத்தில் இருப்பவர் "உங்களுக்கு எங்கே கட்டி?" என்று முதல் நாளே கேட்பார். அண்ணி பக்கத்தில் இருக்க, மருத்துவரைக் கொண்டே சொல்ல வையுங்கள். எத்தனை மாதம் என்ற கணக்கை அவர் கேட்டால் மட்டும் சொன்னால் போதும். வங்கிக் கணக்கு, வேலை, பிள்ளைகளின் படிப்பு பற்றி முடிவெடுக்க அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அழுத்த ஆக்சிஜனை முழுதாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். கதிர்வீச்சு முடிந்து மாதங்கள், வருடங்கள் கழித்து வரும் சில காயங்களுக்கு அது உதவுகிறது. கதிர்வீச்சால் ரத்தம் கசியும் சிறுநீர்ப்பைக்கு நார்டிக் நாடுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில் பலன் தெரிந்தது. மூளைத் திசு கதிர்வீச்சால் செத்துப்போகும் நிலையிலும் சில இடங்களில் கொடுக்கிறார்கள், அங்கே ஆதாரம் மெலிந்தது, ஸ்டிராய்டும் பெவாசிசுமாப் ஊசியும்தான் முன்னே வரும். அப்படி ஒரு தேவை வந்தால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கதிர்வீச்சு மருத்துவர்.

கடைசியாக, கரண்ட் முடிந்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அதில் கட்டி பெரிதாகிவிட்டது போலத் தெரியலாம். முதல் மூன்று மாதத்தில், சிகிச்சையின் வீக்கமே கட்டி வளர்ந்தது போலக் காட்டுவது உண்டு, எம்.ஜி.எம்.டி. சாதகமாக உள்ளவர்களிடம் இது இன்னும் அதிகம். அறிக்கையில் 'வளர்ச்சி' என்ற சொல்லைப் பார்த்ததும் உறவினர்கள் மறுபடி ஆக்சிஜன், மூலிகை, வேறு ஊர் என்று கிளம்புவார்கள். அந்த அறிக்கையை மட்டும் வைத்து எதையும் நிறுத்தாதீர்கள், எதையும் தொடங்காதீர்கள். பழைய ஸ்கேன் சி.டி.க்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கதிர்வீச்சு மருத்துவரிடம் போய், இது உண்மையான வளர்ச்சியா, சிகிச்சையின் வீக்கமா என்று கேளுங்கள். ஓரிரு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று அவர் சொன்னால், அதுவும் சரியான பதில்தான்.